ஜெபம் பண்ணினீங்க, சரி. ஸ்டேஷனுக்கு என்கூட யார் வர்றீங்க?

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சில வாரங்களுக்கு முன் உங்கள் வாசகர் கடிதம் பகுதியில் ஒரு சகோதரர் எழுதியிருந்தார். சபைகள் ஆத்தும காரியங்களைப் பார்த்தால் போதும், போலீஸ், கூலித் தகராறு, ரேஷன் கார்டு எல்லாம் சங்கங்களும் கட்சிக்காரர்களும் பார்க்க வேண்டியவை, சபை அதில் கால் வைத்தால் அதன் சாட்சி, அதாவது ஊரார் முன் அதற்குள்ள நற்பெயர், கெட்டுப்போகும் என்பது அவர் கருத்து. அவர் நல்ல மனதோடுதான் எழுதியிருக்கிறார், எனக்கு அவர்மேல் கோபமில்லை, ஏனென்றால் நானும் அறுபது வயதுவரை ஏறக்குறைய அப்படித்தான் நினைத்திருந்தேன். அந்த நினைப்பு எப்படிப் போனது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெங்களூரு லிங்கராஜபுரத்தில் இருக்கிறேன். தமிழ்வழிப் பள்ளியில் 31 வருஷம் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். எங்கள் பக்கத்துத் தமிழ்ச் சபையில் ஞாயிறு மாலைகளில் வீட்டுக்கு வீடு ஜெபக்கூட்டம் நடக்கும். போன வருஷம் ஆகஸ்ட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் கூடியிருந்தோம். இருபது பேர் இருப்போம். கீர்த்தனை பாடி முடித்த நேரத்தில் ஒரு பெண் மூச்சு வாங்க உள்ளே வந்தாள். என்னிடம் நாலாம் வகுப்பு படித்தவள், இப்போது அவளுக்கே கல்லூரி போகிற மகள் இருக்கிறாள். ஒரு அபார்ட்மெண்டில் மூன்று வீடுகளில் வேலை செய்து குடும்பத்தை நடத்துகிறவள். அதில் ஒரு வீட்டில் தங்கச் சங்கிலியைக் காணவில்லையாம், அவள்மேல் சந்தேகம் என்று புகார் கொடுத்துவிட்டார்களாம், ராத்திரி ஏழரைக்குள் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லிப் போன் வந்ததாம். அந்த வீட்டில் இரண்டு மாதச் சம்பளமும் பாக்கி.

நாங்கள் என்ன செய்வோம், ஜெபம் பண்ணினோம். மூன்று பேர் மாறி மாறி ஊக்கமாகவே ஜெபித்தோம், நானும் ஒருத்தி. சிங்கக் கெபியிலிருந்து தானியேலைத் தப்புவித்தவரே என்று ஆரம்பித்து நான் அழுதுகொண்டே ஜெபித்தது நினைவிருக்கிறது. ஆமென் சொல்லி முடித்ததும் அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கேட்டாள்: "டீச்சர், ஜெபம் பண்ணினீங்க, ரொம்ப நன்றி. ஸ்டேஷனுக்கு என்கூட யார் வர்றீங்க?"

அறையில் ஒரு சத்தமும் இல்லை. ஒருவர் பாட்டுப் புத்தகத்தை மூடினார். இன்னொருவர் மணி பார்த்தார். போதகர் ஐயா ஊரில் இல்லை. அந்த அரை நிமிஷத்தை என்னால் மறக்க முடியவில்லை. அப்புறம் எங்கள் சபையில் ஆட்டோ ஓட்டுகிற ஒரு தம்பி எழுந்து, "வண்டி வெளியேதான் நிக்குது அக்கா, வாங்க" என்றான். அவன் எழுந்த பிறகுதான் நான் எழுந்தேன். அதை உள்ளபடியே எழுதுகிறேன்.

ஸ்டேஷனில் இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். எந்த ஸ்டேஷன் என்பது இந்தக் கடிதத்துக்குத் தேவையில்லை. முதலில் அவளைத் தனியாக உள்ளே கூப்பிட்டார்கள். நானும் வருகிறேன் என்றேன். நீங்கள் யார் என்று கேட்டார்கள். அவளுடைய டீச்சர் என்றேன். வேறு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை, ஆனால் அந்தப் பதில் அங்கே செல்லுபடியானது. உள்ளே கன்னடத்தில் எழுதின ஒரு தாளைக் காட்டிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். அவளுக்குக் கன்னடம் பேச வரும், படிக்க வராது. நான் இத்தனை வருஷம் அரசாங்கச் சுற்றறிக்கைகளைக் கன்னடத்தில் படித்தே பழகினவள், வாங்கிப் படித்தேன். சங்கிலியை எடுத்தது நான்தான், ஒரு வாரத்தில் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன் என்று எழுதியிருந்தது.

நான் அதைச் சத்தமாகத் தமிழில் படித்துச் சொன்னேன். அவள் நான் எடுக்கலை சார், எடுக்கலை சார் என்று அழுதாளே தவிர, கையெழுத்துப் போடவில்லை. கொஞ்ச நேரம் அதட்டினார்கள். வெளியே ஆட்டோத் தம்பியோடு சபையிலிருந்து இன்னும் நாலு பேர் வந்து நிற்பது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. அதற்குப் பிறகு குரல் இறங்கிவிட்டது. சரி, போய்விட்டு நாளைக்கு வாங்க என்று அனுப்பினார்கள்.

மறுநாள் காலை ஒரு தெரிந்த பையன் சொல்லி இலவச சட்ட உதவி எண் 15100க்குப் போன் செய்தோம். பெண் என்றால் வருமானம் எவ்வளவு என்று கேட்காமலே இலவச வக்கீல் கிடைக்கும் என்பது 1987ஆம் வருஷச் சட்டத்திலேயே இருக்கிறதாம், எனக்கு அன்றுதான் தெரியும். அதே சட்டத்தில் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள் எல்லாருக்கும் அந்த உரிமை இருக்கிறது. வந்த வக்கீலம்மா சின்ன வயதுதான், ஆனால் ஒவ்வொன்றாகப் புரியும்படி சொன்னார். விசாரணையின்போது போலீஸ் எழுதிக்கொள்கிற வாக்குமூலத்தில் நாம் கையெழுத்துப் போட வேண்டியதே இல்லை, அப்படி வாங்கவும் கூடாது. போலீஸ் அதிகாரியிடம் ஒப்புக்கொண்டதாகச் சொல்லும் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது. சாட்சியாக விசாரிப்பதானால்கூடப் பெண்ணை அவள் வீட்டில்தான் விசாரிக்க வேண்டும். சூரியன் மறைந்த பிறகு ஒரு பெண்ணைக் கைது செய்ய வேண்டுமென்றால் மாஜிஸ்திரேட்டின் அனுமதியும் பெண் அதிகாரியும் வேண்டும். 2024 ஜூலை 1ஆம் தேதி பழைய சட்டங்களுக்குப் பதிலாகப் புதிய சட்டங்கள் வந்த பிறகும் இவையெல்லாம் அப்படியே இருக்கின்றன என்றார். அவள் அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டிருந்தால்? கோர்ட்டில் செல்லாது என்பது சரிதான், ஆனால் அதைக் காட்டியே பணத்தைக் கொடு, இல்லாவிட்டால் உள்ளே வைப்போம் என்று மிரட்ட முடிந்திருக்கும். கோர்ட்வரை போகிற ஏழை எத்தனை பேர்?

பத்து நாள் கழித்து அந்தச் சங்கிலி வீட்டுக்காரர்களின் உறவினர் வீட்டில் ஒரு பையில் கிடைத்தது. யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. புகாரைத் திரும்ப வாங்கினார்கள், அவ்வளவுதான். சம்பளப் பாக்கிக்காக நாங்கள் தொழிலாளர் அலுவலகத்துக்கு ஐந்து முறை நடந்தோம். ஒரு முறை அதிகாரி லீவு, ஒரு முறை வேறு அலுவலகத்துக்குப் போகச் சொன்னார்கள், மூன்றாவது முறை மனுவை வாங்கிக்கொண்டார்கள். ஐந்தாவது முறைக்குப் பிறகு பணம் வந்தது. கர்நாடகத்தில் வீட்டு வேலைக்கும் குறைந்தபட்சக் கூலியை 2004லேயே அறிவித்துவிட்டார்கள் என்பதை அங்கே காத்திருந்தபோது ஒரு பெண் சொல்லித்தான் கேள்விப்பட்டேன். அப்படி ஒன்று இருப்பது எங்கள் தெருவில் வேலைக்குப் போகிறவர்களில் ஒருவருக்குக்கூடத் தெரியாது. வேலைக்கு ஆள் வைத்திருக்கிறவர்களுக்கும் தெரியாது, அதில் எங்கள் சபையார் பலர் உண்டு, நானும் உண்டு.

இப்போது அந்தச் சகோதரர் எழுதினதற்கு வருகிறேன். மத்தேயு 25ஆம் அதிகாரத்தை நாம் எல்லாரும் எத்தனை தடவை கேட்டிருப்போம். நான் ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்கு மனப்பாடமே செய்ய வைத்திருக்கிறேன். ஸ்டேஷனிலிருந்து வந்த அந்த ராத்திரி தூக்கம் வராமல் அதை எடுத்துப் படித்தபோது, இத்தனை வருஷம் தமிழ் சொல்லிக்கொடுத்த எனக்குக் கண்ணில் படாத ஒன்று பட்டது. பசியாயிருந்தேன், போஜனங்கொடுத்தீர்கள். வஸ்திரமில்லாதிருந்தேன், வஸ்திரங்கொடுத்தீர்கள். இப்படிக் கொடுத்தீர்கள், தாகத்தைத் தீர்த்தீர்கள், சேர்த்துக்கொண்டீர்கள் என்று வருகிற வரிசை கடைசி இரண்டில் மாறிவிடுகிறது. வியாதியாயிருந்தேன், என்னை விசாரிக்க வந்தீர்கள். காவலிலிருந்தேன், என்னைப் பார்க்கவந்தீர்கள். வினைச்சொல்லே வேறு! வியாதிக்காரனைக் குணமாக்கினீர்களா என்று கேட்கவில்லை, காவலில் இருந்தவனை விடுவித்தீர்களா என்றும் கேட்கவில்லை. வந்தீர்களா, அவ்வளவுதான் கேள்வி.

கொடுப்பதில் நம் சபைகள் குறைவைத்ததில்லை. அறுப்பின் பண்டிகையில் ஒரு பூசணிக்காயை ஆயிரக்கணக்கில் ஏலம் எடுக்கிறோம், கிறிஸ்துமஸுக்குச் சேலை கொடுக்கிறோம், கொரோனா ஊரடங்கில் அரிசி மூட்டை தூக்கிக்கொண்டு குடிசைப் பகுதிகளுக்கு எங்கள் வாலிபர்கள் அலைந்ததை நான் பார்த்தேன். அதைக் குறைத்துப் பேசவே மாட்டேன், பசித்தவனுக்கு முதலில் சோறுதான். ஆனால் கொடுப்பது வாசலோடு முடிந்துவிடும். வாங்கிக்கொண்டவர் ஸ்தோத்திரம் சொல்லுவார், நாம் வீட்டுக்கு வந்துவிடுவோம். கூடப் போவது அப்படி முடிவதில்லை. நம்முடைய நேரம் போகும், அதிகாரி நம்மையும் அவமதிப்பார், பக்கத்து வீட்டார் உங்களுக்கு ஏன் இந்த வேலை என்பார்கள், முக்கியமாக, மறுபடியும் போக வேண்டியிருக்கும். நல்ல சமாரியன் கதையில்கூட நமக்கு எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் காயங்கட்டினதுதான் நினைவில் நிற்கிறது. அவன் அதோடு விடவில்லை. தன் வாகனத்தில் ஏற்றி, சத்திரத்துக்குக் கொண்டுபோய், மறுநாள் இரண்டு பணத்தைக் கொடுத்து, இவனை விசாரித்துக்கொள், அதிகம் செலவானால் நான் திரும்பிவரும்போது தருகிறேன் என்கிறான். திரும்பி வருவதாக வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் போகிறான்.

இந்த 'விசாரிப்பு' என்ற வார்த்தையை நினைத்தாலே எனக்கு என்னவோ செய்கிறது. நம் வேதத்தில் விசாரிப்பது என்றால் கவனித்துப் பராமரிப்பது. அன்று ராத்திரி ஸ்டேஷனிலும் அதே வார்த்தையைத்தான் சொன்னார்கள், "விசாரணை" என்று. அங்கே போகிற ஒரு ஏழைப் பெண்ணுக்கு இரண்டாவது விசாரணை மட்டும் கிடைத்து முதலாவது விசாரிப்பு கிடைக்காமல் போனால், அதற்குச் சபைதானே பொறுப்பு?

கிரியைகளைப் பற்றிப் பேசினாலே சிலர், இரட்சிப்பு கிருபையினால் விசுவாசத்தைக்கொண்டு உண்டாவது, நம் செயலால் அல்ல என்று எபேசியர் இரண்டாம் அதிகாரத்தை எடுக்கிறார்கள். ஒத்துக்கொள்கிறேன், அது என் விசுவாசமும்தான். அவர்கள் எட்டாம், ஒன்பதாம் வசனங்களோடு புத்தகத்தை மூடிவிடுகிறார்கள் என்பதுதான் என் வருத்தம். பத்தாம் வசனத்தில், நற்கிரியைகளைச் செய்யவே நாம் கிறிஸ்துவுக்குள் சிருஷ்டிக்கப்பட்டோம் என்று இருக்கிறது. யாக்கோபு இன்னும் பச்சையாகச் சொல்லுகிறார்: வஸ்திரமும் ஆகாரமும் இல்லாதவனைப் பார்த்து, சமாதானத்தோடே போங்கள், குளிர்காய்ந்து பசியாறுங்கள் என்று வாயால் மட்டும் சொன்னால் பிரயோஜனமென்ன என்று. மார்ட்டின் லூத்தருக்கு அந்த நிருபம் பிடிக்கவில்லை, 1522இல் அதை வைக்கோல் என்றே எழுதினார். ஆனால் அவரும் அதை வேதத்திலிருந்து எடுத்துவிடவில்லை. அன்று என் வீட்டில் நாங்கள் செய்தது, சமாதானத்தோடே போ என்று சொல்லி அனுப்பப் பார்த்ததுதான். ஜெபம் வீண் என்று நான் சொல்லவே இல்லை. அந்த ஜெபத்துக்குப் பதில் வாசலில் நின்றிருந்த ஆட்டோதான் என்று நம்புகிறேன்.

இது புதிய உபதேசமும் அல்ல. இந்த ஊரிலேயே செயின்ட் மார்த்தா மருத்துவமனையை 1886இல் கன்னியாஸ்திரிகள் தொடங்கினார்கள். வீட்டு வேலை செய்கிற பெண்களுக்காகப் பெல்ஜியத்திலிருந்து வந்த ஜீன் டிவோஸ் என்ற கன்னியாஸ்திரி 1985இல் தேசிய வீட்டு வேலைத் தொழிலாளர் இயக்கத்தை ஆரம்பித்தார். அவர் பிச்சை கேட்கவில்லை, இவர்கள் தொழிலாளர்கள், இவர்களுக்கு உரிமை உண்டு என்றார். வீட்டு வேலைத் தொழிலாளருக்கான சர்வதேச உடன்படிக்கை 2011 ஜூன் மாதம் ஜெனீவாவில் நிறைவேறியது. நம் நாடு இன்னும் அதை ஏற்று உறுதிப்படுத்தவில்லை.

திருச்சி மாவட்டம் விரகாலூரில் பிறந்த தந்தை ஸ்டேன் சுவாமி என்ற கத்தோலிக்கக் குருவை நம்மில் பலர் செய்தியில் மட்டும் அறிவோம். அவர் 1975 முதல் 1986 வரை இதே பெங்களூரில், பென்சன் டவுனில் இருக்கிற இந்தியச் சமூக நிறுவனத்தில் இயக்குநராக இருந்தவர். எங்கள் வீட்டிலிருந்து ஆட்டோவில் போனால் அதிக நேரமாகாது. அப்புறம் ஜார்க்கண்டுக்குப் போனார். சிறைகளில் விசாரணைக் கைதிகளாகவே வருஷக்கணக்கில் கிடந்த ஆதிவாசி இளைஞர்களின் கணக்கை எடுத்து, அவர்களுக்காக உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2020 அக்டோபர் 8ஆம் தேதி, மாவோயிஸ்டுகளோடு தொடர்பு என்று சொல்லி அவரையே கைது செய்தார்கள். பார்க்கின்சன் நோயில் கை நடுங்கும், தண்ணீர் குடிக்க உறிஞ்சு குழாய் வேண்டும் என்று கோர்ட்டில் கேட்க வேண்டி வந்தது. 2021 ஜூலை 5ஆம் தேதி, 84 வயதில், மும்பையில் ஒரு ஆஸ்பத்திரியில் இறந்தார். விசாரணைக் கைதியாகவே இறந்தார், அவர்மேல் சொன்ன எதுவும் நிரூபிக்கப்படவில்லை. அவருடைய அரசியலில் ஒத்துப்போகாதவர்கள் நம் சபைகளில் இருக்கிறார்கள், இருக்கட்டும். ஆனால் காவலிலிருந்தேன், வந்தீர்கள் என்ற வசனத்தை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டு போனவர் அவர். எங்கள் ஆலயத்தில் அவர் பெயரைச் சொல்லி நான் ஒரு ஜெபம்கூடக் கேட்டதில்லை. அவர் கத்தோலிக்கர், நாங்கள் வேறு சபை என்பது ஒரு காரணமா? அப்படியானால் அது வெட்கம்.

சாட்சி கெடும் என்று அந்தச் சகோதரர் பயப்படுகிறார். இந்தக் காலத்தில் எங்கே போனாலும் மதம் மாற்ற வந்தீர்களா என்று கேட்கிறார்கள், அந்தப் பயம் எனக்கும் புரிகிறது. எனக்குத் தெரிந்த மருந்து, யாரிடமும் எதுவும் எதிர்பார்க்காமல் போவதுதான். அவள் விஷயத்துக்குப் பிறகு எங்களைத் தேடி முதலில் வந்தது தர்மபுரிப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்த ஒரு குடும்பம், மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள். புருஷன் சாரத்திலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டார், மேஸ்திரி பிறகு போனையே எடுக்கவில்லை. அவர்களோடு ஆஸ்பத்திரிக்கும் அலுவலகத்துக்கும் நடந்தோம். நாங்கள் எந்தச் சபை என்று அந்த அம்மா கேட்டதே மூன்றாவது மாதத்தில்தான். ஆடி மாதம் எங்களுக்குக் கூழ் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்தோம்.

இப்போது நாங்கள் ஒன்பது பேர் இருக்கிறோம். ஆலயத்து அறிவிப்புப் பலகையில் இரண்டு போன் நம்பர் எழுதி வைத்திருக்கிறோம். ஒரு நோட்டில் யாரோடு யார் எங்கே போனார்கள், அடுத்து எப்போது போக வேண்டும் என்று எழுதுகிறோம். அந்த அடுத்து எப்போது என்ற கட்டம்தான் ரொம்ப முக்கியம், அது இல்லாவிட்டால் ஒரு தடவை போய்விட்டு மறந்துவிடுகிறோம். பெரிய பணம் ஒன்றும் தேவைப்படவில்லை, ஆட்டோச் செலவு, ஜெராக்ஸ், ஒரு டீ. இந்த ஊர்த் தமிழ்ச் சபைகளில் ஓய்வு பெற்றவர்கள் எத்தனை பேர்! டெலிபோன் செய்த ஐ.டி.ஐ., விமானம் செய்கிற எச்.ஏ.எல். தொழிற்சாலைகளில் யூனியன் பார்த்தவர்கள், பேங்கில் இருந்தவர்கள், நர்ஸ்மார்கள், கன்னடம் சரளமாக எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். ஞாயிறு ஆராதனை முடிந்தால் மீதி ஆறு நாளும் வீட்டில் டிவி பார்க்கிறோம். கன்னடம் படிக்கத் தெரியும் என்பது ஒரு ஊழியத்துக்கான தகுதி என்று என்னிடம் யாரும் சொன்னதில்லை. பாடத் தெரிந்தவரைப் பாடகர் குழுவில் சேர்க்கிறோமே, மனு எழுதத் தெரிந்தவரைச் சேர்க்க ஒரு குழு ஏன் இல்லை?

ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எல்லாமே நல்லபடியாக முடியவில்லை. கால் உடைந்தவருக்கு இன்றுவரை நஷ்டஈடு வரவில்லை. எங்கள் சபையிலேயே ஒரு குடும்பம், தங்கள் வீட்டு வேலைக்காரப் பெண் சம்பளம் உயர்த்திக் கேட்டதற்கு நாங்கள்தான் காரணம் என்று எங்களோடு பேசுவதில்லை, திருவிருந்து மேசையில் பக்கத்தில் முழங்கால்படியிட்டும் பேசுவதில்லை. அது எனக்கு வேதனையாகத்தான் இருக்கிறது.

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். நம் பத்திரிகையில் ராசிபலனுக்கும் சினிமாவுக்கும் பக்கம் இருக்கிறது, வேண்டாம் என்று சொல்லவில்லை. வாரத்தில் ஒரு நாள் கால் பக்கம் ஒதுக்குங்கள். பெங்களூரில் இருக்கிற தமிழ் உழைப்பாளி எந்தக் காரியத்துக்கு எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும், என்ன தாள் கொண்டுபோக வேண்டும், எதில் கையெழுத்துப் போடக் கூடாது என்பதை எளிய தமிழில் போடுங்கள். இந்த ஊரில் வேலை தேடி வருகிற நம் ஆட்களில் பலருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த ஒரே மொழி தமிழ்தான், டீக்கடையில் அவர்கள் எடுக்கிறது உங்கள் பத்திரிகையைத்தான். முதல் நாலு வாரத்துக்கு வேண்டிய விவரத்தை நானே எழுதித் தருகிறேன், அந்த வக்கீலம்மா சரிபார்த்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அந்தக் கடிதம் எழுதின சகோதரரும் விரும்பினால், அவருடைய முகவரியை எனக்குத் தர வேண்டாம், என் நம்பரை அவருக்குக் கொடுங்கள். வருகிற செவ்வாய்க்கிழமை காலை பத்தரைக்குக் கால் உடைந்தவருக்காக மறுபடியும் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போகிறோம், ஆட்டோவில் இன்னும் ஒருவருக்கு இடம் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர்,
லிங்கராஜபுரம், பெங்களூரு.
(பெயரை வெளியிட வேண்டாம்)